மலையகத்து மேடைப்பேச்சு

மலையகத்தில் மேடைப்பேச்சின் முதற்பகுதி விளித்தல். "மாவட்டத் தலைவர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, தோட்டத் தலைவர்மாரே..." என்று ஹட்டன் மேதின மேடையில் தொடங்கும் இப்பகுதி முடிவதற்குள், பின்வரிசையில் இரண்டு குடைகள் விரிந்திருக்கும். ஒரு பெயர் விடுபட்டால் அடுத்த தேர்தல்வரை மனத்தாங்கல் நீடிக்கும். கருத்து விடுபட்டால் யாரும் கவனிப்பதில்லை. ஆகவே பேச்சாளர்கள் மனப்பாடம் செய்வது பெயர்ப் பட்டியலைத்தான்.

இதற்கு நேரெதிரானது பெரட்டுப் பேச்சு. விடிந்ததும் கணக்கப்பிள்ளை ஆட்களை எண்ணி, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்துச் சொல்வார். முன்னுரை இல்லை, உவமை இல்லை, கைதட்டலும் இல்லை. கேட்டவர்கள் அத்தனைபேரும் சொன்ன திசையில் நடந்துவிடுவார்கள். எந்த அரசியல் பேச்சுக்கும் இந்தப் பலன் கிட்டியதில்லை. பேச்சாளர் கையில், வேலைநாளைப் பதியும் செக்ரோல் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செக்ரோல் இல்லாதவர்கள் முதலில் ஆள் சேர்க்க வேண்டும். தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர், தோட்டத்துக்குள் நுழையவே புடவை வியாபாரி வேடம் போட்டவர். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய அவருக்குச் சொற்பஞ்சம் கிடையாது. என்றாலும் அவருடைய கூட்டங்களில் மனைவி மீனாட்சியம்மாள் பாடினார். பாட்டுக்குக் கூடியவர்கள் பேச்சு முடியும்வரை எழுந்து போவதில்லை என்பது, பேச்சாளர்கள் ஒப்புக்கொள்ள விரும்பாத உண்மை.

அடுத்தது கை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பலர் மைக்கைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். கையின் சரியான உபயோகம் 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் தெரியவந்தது. லங்கா சமசமாஜக் கட்சிக் கூட்டம். சுமார் 2,000 தொழிலாளர்கள். என்.எம். பெரேரா அறிமுகப்படுத்த, மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் எழுந்தார். மடுல்கெலைப் பக்கத் தோட்டமொன்றில் துரைத்தனம் பழக வந்து, வேலை பறிபோன வெள்ளைக்காரர். அவர் மலைப்பக்கம் கையை நீட்டி, அங்கே தெரிந்த வெள்ளை பங்களாக்களைக் காட்டினார். திரை வேண்டியிருக்கவில்லை, மின்சாரமும் வேண்டியிருக்கவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் "சாமி, சாமி" என்று குரல் எழுந்தது.

இந்தப் பேச்சைப் பற்றித் துரைமார் தரப்பிலிருந்து எழுதப்பட்ட அறிக்கை, பேசிய விதம், முகபாவம், நின்ற நிலை ஆகிய மூன்றுமே அச்சுறுத்தலாக இருந்தன என்று குறைப்பட்டுக்கொண்டது. பேச்சுப்போட்டி நடுவர்கள் புள்ளி போடுவதும் இதே மூன்றுக்குத்தான். பரிசை ஆளுநர் ஸ்டப்ஸ் வழங்கினார்: இரண்டு நாளில் நாட்டைவிட்டு வெளியேறும்படி ஓர் உத்தரவு. பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5 அன்று கொழும்பு காலிமுகத்திடல் மேடையில் அவர் திடீரென்று தோன்றியபோது, அங்கே பல்லாயிரம் பேர் கூடியிருந்தார்கள். அதே மாதம் உயர் நீதிமன்றம் உத்தரவைத் தள்ளுபடி செய்தது.