பட்டு ஊர்க்காரரின் பாலியஸ்டர் சட்டை

பட்டு நெய்யும் ஏனாத்தூரின் ஆளுக்குத் துணி விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் ஒரு கடைக்காரப் பையன் விற்றுவிட்டான்.

வாங்கியவர் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர். முந்தியை விரலால் தடவியே அசல் ஜரிகையா, ஹாஃப் ஃபைனா என்று சொல்லிவிடுவார். உடலையும் கரையையும் கோர்வையில் பிணைப்பது அவர்கள் வீட்டுத் தொழில். அப்படிப்பட்டவர் கத்திரி வெயிலில் சோளிங்கர் மலையேறப் போட்டுக்கொண்டது, உடம்பைக் கவ்விப் பிடிக்கும் பாலியஸ்டர் டி-ஷர்ட். கடைக்காரப் பையன் சொன்னது: "வியர்வையே தங்காது சார்!"

பட்டு வேட்டி கட்டிப் போகும்படி மாமியார் சொல்லிப் பார்த்தார். அதை மறுத்ததில் மட்டும் ஊர் அறிவு வேலை செய்தது. வியர்வையின் உப்பு பட்டிழையை நைத்து, சாயத்தையும் கெடுத்துவிடும்.

மொத்தம் 1,305 படி. 2024-லேயே ரோப் கார் வந்துவிட்டது. மனைவி பருத்திப் புடவையைச் செருகிக்கொண்டு அதில் ஏறிவிட்டார். நடந்தால்தான் புண்ணியம் என்று கிளம்பிய இவருக்கு, முந்நூறாவது படியிலேயே அந்தப் புண்ணியம் வியர்வையாக முதுகில் வழியத் தொடங்கியது.

விஷயம் இதுதான். பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை வாங்கும், பட்டு 11. பாலியஸ்டர் வெறும் 0.4. உள்ளே வாங்காத வியர்வையை இழைகளின் இடுக்கு வழியே வெளிப்பக்கம் கடத்தி, காற்றில் உலரவிடுவதுதான் விளையாட்டுச் சட்டையின் வித்தை. அதற்குக் காற்று வேண்டுமே! அன்று ஒரு இலை அசையவில்லை. சட்டைக்கும் தோலுக்கும் நடுவில் எறும்பு நுழையவும் இடமில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர், நாலு முழ வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் ஈரிழைத் துண்டோடு நிதானமாக ஏறினார். துடைப்பார், உதறுவார், மறுபடி தோளில் போடுவார். இவரைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, மூச்சு முட்டுறது உனக்கா, சட்டைக்கா?"

பெரியவர் கட்சிக்கு அறிவியலும் சாட்சி. சினாய்ப் பாலைவனத்து பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி போடுவது ஏன் என்று ஆராய்ந்த கட்டுரை 1980-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அங்கி தொளதொளவென்று இருந்தால், கறுப்பானாலும் வெள்ளையானாலும் உடம்புக்கு ஏறும் சூடு ஒன்றுதானாம். கறுப்பு கூடுதலாக வாங்குவது தோலை எட்டுமுன் காற்றோடு போய்விடுகிறது. ஆக, நூலின் பெயரைவிடத் தொளதொளப்பு முக்கியம்.

பருத்தியும் உத்தமன் இல்லை. நனைந்தால் கனக்கும், தொடையை அறுக்கும், லேசில் காயாது. இரவில் குளிரெடுக்கும் வெள்ளியங்கிரி மலைக்குப் போகிறவர்கள் மாற்றுச் சட்டைக்குப் பாலியஸ்டரே எடுத்துப் போகலாம்.

இவர் மேலே போய்ச் சேர்ந்தபோது, மனைவி தரிசனம் முடித்துப் பிரசாதத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த டி-ஷர்ட் இப்போது ஸ்கூட்டர் துடைக்கப் போய்விட்டது. அங்கேயும் தண்ணீரை உறிஞ்ச மாட்டேன் என்கிறது.