கொலை செய்தது யார்? ஏன்?

கேள்வி: ‘சுழல்’ இணையத் தொடரின் இரண்டாம் சீசனை ஆரம்பித்திருக்கிறேன். அடுத்தடுத்து இளம்பெண்கள் வந்து “நான்தான் கொன்றேன்” என்கிறார்கள். தலை சுற்றுகிறது. தொடர்ந்து பார்க்கலாமா? (ஸ்கூடாய் வாசகர்)

பதில்: தாராளமாகப் பாருங்கள். துப்பறியும் கதைகளில் எல்லோரும் “நான் இல்லை” என்று சத்தியம் செய்வார்கள். இங்கே எல்லோரும் “நான்தான்” என்கிறார்கள். வழக்கறிஞர் செல்லப்பாவைக் கொன்றது யார் என்று தேட வரும் போலீஸ் அதிகாரி சக்கரைக்கு ஒப்புதல் வாக்குமூலமே பெரிய முட்டுக்கட்டை! இத்தனை பெண்கள் ஏன் பழியைச் சுமக்க முன்வந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தக் கேள்விதான் தொடரின் உயிர்.

கேள்வி: இரண்டு சீசனிலும் திருவிழா எதற்கு? (குளுவாங் வாசகி)

பதில்: ஊரே தெருவில் நிற்கும் இரவில், பாதிப் பேர் வேடம் கட்டியிருந்தால், யார் எங்கே இருந்தார் என்று எந்தப் போலீஸ் கண்டுபிடிக்கும்? 2022இல் வந்த முதல் சீசனில் மயானக் கொள்ளை. அங்காளம்மன் வேடமிட்டவர்கள் சுடுகாட்டுக்கு ஆடிக்கொண்டே போவார்கள். அங்கே மண்ணால் செய்து படுக்கவைத்த உருவத்தின்மேல் தானியமும் காய்கறியும் படைத்து, பிறகு சூறையாடுவார்கள். ஒரு பெண் காணாமல் போவதற்கு இதைவிடப் பொருத்தமான இரவு உண்டா? இரண்டாம் சீசனின் அஷ்டகாளி விழாவோ, குலசேகரன்பட்டினம் தசராவை நேரில் பார்த்தவர்களுக்குப் பழகிய வண்ணமாகத் தெரியும்.

கேள்வி: ‘மர்மதேசம்’ பார்த்து நடுங்கியவன் நான். இப்போது ஏன் அந்தப் பயம் வருவதில்லை? (மாசாய் வாசகர்)

பதில்: இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய தொடர் அது. அதில் வந்த ‘விடாது கருப்பு’ கதை வாரம் ஒரு பகுதிதான் வரும். இடையில் ஆறு நாள் வீடே துப்பறியும். அந்தக் காத்திருப்புதான் பயத்தை ஊற வைத்தது. இன்று ‘சுழல்’ போன்ற தொடரின் எட்டுப் பகுதியையும் ஒரே இரவில் முடித்துவிடுகிறோம். பயப்பட நேரம் எங்கே? நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நடுக்கம் தானாகத் திரும்பிவரும்.

கேள்வி: நம் ஜொகூரில் இப்படி ஒரு சதிக்கதை கிடையாதா? (கோத்தா திங்கி வாசகி)

பதில்: உங்கள் ஊரிலேயே இருக்கிறதே! கர்ப்பிணி ஒருத்தி சுல்தானின் பலாப்பழத்தில் ஒரு சுளை கேட்டுச் சாப்பிட, சுல்தான் மாமுட் அவள் வயிற்றைக் கீறச் சொன்னார் என்பது மரபுவழிக் கதை. பழிவாங்கக் காத்திருந்த கணவன் மெகாட் ஸ்ரீ ராமா, 1699இல் பல்லக்கில் வந்த சுல்தானைக் குத்திக் கொன்றார். அரியணை ஏறியது பெண்டாஹாரா (முதன்மை அமைச்சர்) அப்துல் ஜலீல். 1718இல் ராஜா கெச்சில் வந்து, “கொல்லப்பட்டவரின் மகன் நான்” என்று ஜொகூரைப் பிடித்தார். கொன்றவர் யார் என்பது ஊரறிந்த செய்தி. அவருக்குப் பின்னால் அரண்மனையில் யாரெல்லாம் நின்றார்கள் என்பதில்தான் எட்டுப் பகுதிக்கான கதை இருக்கிறது.

கேள்வி: தஞ்சோங் கூப்பாங் விமான விபத்தைத் தொடராக்கலாமா? (கேலாங் பாத்தா வாசகர்)

பதில்: 1977 டிசம்பர் 4. பினாங்கிலிருந்து புறப்பட்ட மலேசிய விமானம் கடத்தப்பட்டு, தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 100 பேரும் மாண்டார்கள். கடத்தியது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. எடுக்கலாம்; ஆனால் குடும்பங்களைக் கலந்து பேசி எடுக்க வேண்டும். கற்பனைக் கதையில் யார்மீது வேண்டுமானாலும் சந்தேகப்படலாம், அது விளையாட்டு. நடந்த துயரத்தில் ஆதாரமில்லாமல் ஒருவரைக் கைகாட்டினால் அது பழி. பதில் தெரியாத இடத்தில் “தெரியவில்லை” என்று சொல்லும் துணிச்சல் உள்ளவர்களே அதைத் தொடட்டும்.

கேள்வி: என் மாமியார் மூன்றாம் பகுதியிலேயே கொலையாளியைச் சொல்லிவிடுகிறார். என்ன செய்வது? (மூவார் வாசகி)

பதில்: கையில் தாளும் பேனாவும் கொடுங்கள். பெயரையும் காரணத்தையும் எழுதி, மடித்து, சாமி மேடையில் வைக்கட்டும். பெயர் சரியென்றால் ஒரு தேத்தண்ணி. காரணமும் சரியென்றால் அடுத்த தொடரை அத்தையே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.