ஷெட்யூல் சார் ஓய்வெடுக்கப் போகிறார்

படப்பையில் எங்கள் தெருவில் அவருக்கு ஷெட்யூல் சார் என்று பெயர். வாக்காளர் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது; அது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரகடம் பக்கம் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங் வேலை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ ஓடி வந்த காலம் முதல், எங்கள் பக்கத்தில் ஏரிக்கு ஒரு கம்பெனியும் கம்பெனிக்கு ஒரு ஷெட்யூல் சாருமாக முளைத்துவிட்டார்கள்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண வீட்டில் பந்தி ஓரமாக நின்று, ஒரு இலை எழுந்திருக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ரசவாளிக்காரர் பாதி வரிசையில் நின்று யாரையாவது நலம் விசாரித்தால், நம்மைப் பார்த்து வருத்தமாக, "பாட்டில்நெக்" என்பார்கள். குறை சொல்லவும் முடியாது. இந்தப் பகுதியின் பெரிய லைன்களில் ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் உள்ள இடைவெளியை விநாடியில்தான் சொல்கிறார்கள். டாக்ட் டைம் என்று அதற்குப் பெயர். டாக்ட் என்றால் ஜெர்மன் மொழியில் தாளமாம். எட்டு மணி நேரம் அந்தத் தாளத்தில் நின்றுவிட்டு வருகிற மனிதர், வீட்டில் மட்டும் எப்படி ஆலாபனை பண்ணுவார்?

போன டிசம்பரில், அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு லீவு. கம்பெனியிலும் வருடக் கடைசி ஷட்டவுன். "இந்தத் தடவை எந்த அவசரமும் இல்லாம, நிதானமா, குடும்பத்தோட ஒரு டூர்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். எழுபத்தாறு வயது அப்பா, முழங்கால் ஒத்துழைக்காத அம்மா, மாமியார், மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் பெண், ஆறு வயதுப் பையன். கும்பகோணம், தஞ்சாவூர், மூன்று நாள். பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர்.

அந்த நிதானத்தின் எக்ஸெல் கோப்பை நான் பார்த்தேன். ஏ3 தாளில் அச்சடித்து லேமினேட் செய்து வைத்திருந்தார். நூற்றுப் பதினேழு வரிசை. முதல் நாள் மாலை 4.40 முதல் 5.05 வரை ஒரு கட்டம் பச்சையாக இருந்தது. என்னவென்று கேட்டேன். "அது ரிலாக்ஸ்" என்றார். இரண்டாம் நாள் காலை 5.30 முதல் 5.45 வரை, "திருப்பாவை, லாட்ஜில்". அவர் அம்மா ஸ்ரீபெரும்புதூரில், ராமானுஜர் பிறந்த மண்ணில் பிறந்தவர். மார்கழியில் பாவை சொல்லாமல் காபி குடிக்க மாட்டார். முப்பது பாசுரம், பதினைந்து நிமிடம். பாட்டுக்கு அரை நிமிடம் என்று பக்கத்திலேயே வகுத்தும் எழுதியிருந்தார்.

அதற்கடுத்த வரிசைதான் என்னை நிறுத்தியது. "அம்மா, வண்டி ஏற: 2 நிமிடம் 50 விநாடி. இறங்க: 2 நிமிடம் 10 விநாடி."

"இதெல்லாம் எப்படி சார் கிடைச்சுது?"

"டைம் ஸ்டடி. ஒரு ரீடிங்கை நம்பக் கூடாது இல்லையா? மூணு எடுத்து ஆவரேஜ் போட்டேன்."

அந்தக் காட்சியைப் பால்காரர் பார்த்திருக்கிறார். வாசலில் வண்டி. கையில் ஸ்டாப்வாட்ச்சோடு மகன். அம்மா ஒரு கையால் கதவின் கம்பியையும் மறு கையால் புடவைக் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு, வலது காலைப் படியில் வைத்து, "நாராயணா" என்று ஏறுகிறார். இறங்கச் சொல்கிறார்கள். மறுபடி ஏறுகிறார். மூன்றாவது தடவை ஏறியதும் இறங்க மறுத்துவிட்டாராம். "மூணு தரம் ஏத்திட்டே. இனிமே எங்கயாவது கூட்டிட்டுப் போனாத்தான் எறங்குவேன்" என்று அரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அது ஆவரேஜில் சேர்க்கப்படவில்லை.

மாமியார் கேட்டது நவக்கிரகக் கோயில்கள். சூரியனார் கோயிலில் தொடங்கித் திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம் என்று ஒன்பதையும் ஒரே நாளில் காட்டிவிடுகிற வண்டிகள் கும்பகோணத்திலிருந்து போகின்றன என்று கேள்விப்பட்டதும் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் கண்ணுக்கு அது ஒன்பது ஸ்டேஷன் உள்ள லைன். சிக்கல் ஒன்றுதான்: நண்பகலில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நாலு மணி நேரம் லைன் டவுன்! அதைச் சரிக்கட்டவே பதினான்கு பதிப்பு ஆயிற்று. பெரியவர் மட்டும் திண்ணையிலிருந்து, "ஒம்போது கெரகத்தையும் ஒரே நாள்ல நாம சுத்திட்டா, அதுங்க நம்மள எப்படா சுத்துறது?" என்று கேட்டார். பயிர் வைத்த மனிதர். வைகாசியில் காஞ்சிபுரம் கருட சேவைக்குக் கட்டுச்சோற்றோடு மாட்டு வண்டியில் போய், மாடு வந்தபோது திரும்பி வந்தவர்.

பதினான்காம் பதிப்பின்படி புறப்பாடு சனிக்கிழமை காலை 9.00. டீசல், டோல் பணம், மாத்திரை, வாந்திப் பை எல்லாவற்றுக்கும் டிக் போட்டாகிவிட்டது. 8.55-க்கு அம்மா வாசல்படியில் நின்றார், நகரவில்லை.

"இன்னைக்கு என்ன கெழமை?"

"சனிக்கெழமைம்மா. ஏறு."

"சனிக்கெழமை ஒம்போதுல இருந்து பத்தரை என்னடா?"

பதினான்கு பதிப்பு, நூற்றுப் பதினேழு வரிசை. சமையலறை ஆணியில் தொங்கும் தினசரி காலண்டரை மட்டும் அவர் பார்க்கவில்லை. ராகு காலம் என்பது நம் நாட்டின் பழைய ஷிஃப்ட் முறை. ஒன்றரை மணி நேரம், கிழமைக்கு ஒரு டைமிங், லீவே கிடையாது. ஒரு பிளானிங் ஆசாமி இதைக் கோட்டைவிட்டதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

10.40-க்கு வண்டி கிளம்பியது. சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் தாண்டி, பரனூர் டோலில் ஊர்ந்து, செங்கல்பட்டைக் கடந்தபோது நூற்றுப் பதினேழு வரிசையும் சிவப்பாகிவிட்டன. படாளம் கூட்ரோட்டில் பெரியவர் டிரைவர் தோளைத் தட்டினார்: "தம்பி, வேடந்தாங்கலுக்கு ஒடி."

அட்டவணையில் வேடந்தாங்கலும் இருந்தது. வரும் வழியில், 25 நிமிடம், "பறவைகள்". ஆனால் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. புளியோதரைத் தூக்கைத் திறந்தார்கள். தண்ணீரில் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் சும்மா நின்றுகொண்டிருந்தன. பெரியவர் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: இந்த எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரமே வேண்டாம், அதனால்தான் பறவைகளைச் சுடக் கூடாதென்று இந்த ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல் வாங்கி வைத்தார்கள். பேத்தி போனைக் கீழே வைத்தாள். சம்பந்தியம்மாள் நவக்கிரகத்தை மறந்து கூழைக்கடாக்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஷெட்யூல் சார் மட்டும் கரையில் முன்னும் பின்னும் நடந்தார்.

நாலரைக்கு மேல் பறவைகள் திரும்ப ஆரம்பித்தன. மேற்கே ஒரு வரிசை, அதன் பின்னால் இன்னொன்று; ஷிஃப்ட் முடிந்து ஒரகடம் ரவுண்டானாவில் கம்பெனி பஸ்கள் வந்து சேர்கிற மாதிரியே. சார் நின்றுவிட்டார். வாட்சைப் பார்க்கவில்லை என்று அவர் மனைவி சத்தியம் செய்கிறார்.

இருட்டும்போது வண்டி வடக்கே திரும்பி, நேரே வீட்டுக்கு வந்துவிட்டது. கும்பகோணம் லாட்ஜ் அட்வான்ஸ் போனது போனதுதான்.

திங்கட்கிழமை அவர் கம்பெனி வழக்கப்படி ஏன்-ஏன் அனாலிசிஸ் படிவம் எடுத்தார். வேடந்தாங்கல்: திட்டம் 25 நிமிடம், ஆனது 5 மணி 10 நிமிடம். ஏன்? அம்மா எழுந்திருக்கவில்லை. ஏன்? நன்றாக இருந்தது. அடுத்த "ஏன்"-ஐ அம்மாவிடமே கேட்டிருக்கிறார். "உக்காந்தா என்னடா?" என்று பதில் வந்ததாம், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என்னிடம் கேட்டார்.

காணும் பொங்கலுக்கு நீங்கள் குடும்பத்தோடு எங்காவது போவதாக இருந்தால், தயவுசெய்து எங்கள் தெருவில் நின்று பேசாதீர்கள். பதினைந்தாம் பதிப்பு அவர் கையில் தயாராக இருக்கிறது.