கழுவிக் காயவைத்த கையுறைகள்

புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியை வெட்டிப் பழகுவதற்கென்றே எங்கள் நர்சிங் பள்ளியில் ஒரு பிற்பகலை ஒதுக்கியிருந்தார்கள். துணிச் சுருளை மேஜையில் விரித்து, இழை நேராகப் பார்த்து வெட்டி, வெட்டிய முனை உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது நோயாளி துடித்துப்போவார். மிஞ்சிய ஓரத்துண்டுகளையும் எறிய மாட்டோம். பஞ்சை நடுவில் வைத்துச் சுற்றி பேட் ஆக்கிவிடுவோம். "ஒண்ணு போதுற எடத்துல ரெண்டு வெக்காதே" என்று மேட்ரன் பின்னாலேயே நடந்து வருவார். 1980-களின் தொடக்கம் அது. சுற்றுச்சூழல் என்ற பேச்சு அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. மாதக் கடைசியில் காஸ் தீர்ந்துபோனால் ஸ்டோரில் கையேந்தி நிற்க வேண்டியவர் அவர்தான். அவருடைய சிக்கனம் முழுக்க அந்தக் கவலையிலிருந்து வந்தது.

கையுறைக் கதை இன்னும் பெரியது. தியேட்டரிலிருந்து வந்த ரப்பர் கையுறைகளை சோப்புத் தண்ணீரில் அலசி, உள்ளும் புறமும் திருப்பிக் கொடியில் காயப்போடுவோம். காய்ந்ததும் மணிக்கட்டுப் பக்கத்தை முறுக்கிக் காற்றை அடைத்து, உப்பிய விரல்களைக் கன்னத்தருகே கொண்டுபோனால், ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து வரும் காற்றும் தோலில் படும். ஓட்டை விழுந்தவை வார்டில் அழுக்கு வேலைகளுக்கு. நல்லவை பவுடர் பூசி, அளவு பார்த்து ஜோடி சேர்த்து, துணிப் பையில் செருகி, ட்ரம்முக்குள் ஆட்டோகிளேவுக்குப் போகும். கண்ணாடி சிரிஞ்சுகளை ஸ்டெரிலைசரில் கொதிக்க வைத்தோம். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டினோம். கிராமங்களில் தடுப்பூசி போடப் போன சகோதரிகள் மண்ணெண்ணெய் அடுப்பில் குக்கர் போன்ற ஒரு பாத்திரத்தை ஏற்றி, ஆவியில் சிரிஞ்சுகளைச் சுத்தம் செய்தார்கள். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவர் படுத்திருந்த மெத்தையை வெயிலில் போடுவது ஆயம்மாவின் முதல் வேலை. கிழிந்த போர்வையைக் காட்டினால்தான் புதுப் போர்வை வரும்.

இதையெல்லாம் சொல்லும்போது இளம் செவிலியர்கள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். 'அப்பவே எவ்வளவு இயற்கையோட வாழ்ந்திருக்கீங்க' என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். அப்படிச் சொல்ல நான் விடுவதில்லை. அந்தக் காலத்தின் மறுபக்கத்தையும் பார்த்தவள் நான்.

வார்டுக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. சீழ்பட்ட பஞ்சு, ரத்தக் கட்டு, வெட்டி எடுத்த மாவுக்கட்டு எல்லாம் அங்கேதான் போகும். சாயங்காலம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். காற்று திரும்பினால் புகை பிரசவ வார்டுக்குள் வரும். முழுக்க எரியாததை நாய்கள் இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போகும். தெர்மாமீட்டர் உடைந்தால் மாணவியின் பெயரில் உடைப்புக் கணக்கு எழுதுவார்கள். தரையில் உருண்ட பாதரச மணிகளைப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமால் அள்ளி ஒரு பாட்டிலில் போட்டு வைப்போம். அகப்படாதவை தரை வெடிப்புகளிலேயே தங்கிவிடும். அது ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும், நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று வார்டில் எவரும் சொல்லித் தரவில்லை. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடப்பது தெரியவந்து, 2001-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோதுதான், நாங்கள் தினமும் உதறி உதறி நோயாளியின் வாயில் வைத்த பொருள் எப்படிப்பட்டது என்று எங்களில் பலருக்கு உறைத்தது. 2017-ல் மினமாட்டா ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பாதரச தெர்மாமீட்டரும் பாதரச பி.பி. கருவியும் ஒழிய வேண்டும் என்கிறது அது. இவை வார்டை விட்டுப் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

கண்ணாடி சிரிஞ்சு போனதிலும் இல்லை. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். செய்தி பரவியபோது எங்கள் கை ஊசியைத் தொடவே தயங்கியது. எத்தனை பேருக்குப் போட்ட ஊசி, எத்தனை நிமிடம் கொதித்தது, தண்ணீர் வற்றியபோது யார் கவனித்தது என்று ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துப் பயந்தோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிரிஞ்சு எங்களுக்கு அப்போது உயிர்காப்பாக வந்தது. எறிந்ததையும் சரியாக அழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று 2009-ல் குஜராத்தின் மொடாசா காட்டியது. பயன்படுத்திய சிரிஞ்சுகள் திரும்பத் திரும்ப உபயோகத்துக்கு வந்து, ஹெபடைடிஸ் பி பரவி, பல உயிர்கள் போயின. ஆகவே பழையபடி கழுவிக் காயவைப்போம் என்று இங்கே நான் வாதிடவில்லை. ரத்தம் படும் இடத்தில் சிக்கனம் பேசுவது கொலைக்குச் சமம்.

என் மனத்தை அறுப்பது வேறு. பயத்துக்குக் காரணம் இருந்த இடத்தில் வந்த பொருள், காரணமே இல்லாத இடங்களுக்கெல்லாம் பரவிவிட்டது.

போன ஆண்டு உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் தங்கியிருந்தேன். அந்த வார்டின் இன்சார்ஜ், முன்பு என்னிடம் வேலை பழகிய பெண். பணியில் இருந்த செவிலி ஒருத்தி ஒரு பாட்டிக்கு, நரம்பில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஊசி இருந்த கெட்டி பிளாஸ்டிக் கூடு, அதன் முதுகுக் காகிதம், ஊசியின் உறை, ஸ்பிரிட் பஞ்சு இருந்த சிறு பாக்கெட், மேலே ஒட்டும் பிளாஸ்டரின் முன்தாள், பின்தாள், த்ரீவே குழாயின் கவர், அதன் மூடிகள், சலைன் ஏற்றிய சிரிஞ்சு, அதன் கவர், கையுறை ஒரு ஜோடி. பாட்டியின் உடம்பில் தங்கியது சுண்டுவிரல் நீளக் குழாயும் அதன் மேல் ஒரு ஒட்டும். மற்றதெல்லாம் ட்ரேயில் குவிந்தது. போட்டு முடித்த பெண் அந்தக் குவியலிலிருந்து ஊசியை மட்டும் பிரித்துவிட்டு, மற்றதை ஒரே அள்ளில் மஞ்சள் பைக்குள் தள்ளினாள். அடுத்த படுக்கையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு அள்ளில் என்ன போகிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. 1998-ல் மருத்துவக் கழிவுக்கான முதல் விதிகளும் 2016-ல் புதிய விதிகளும் வந்து, எந்தப் பையில் எது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. ரத்தம் ஊறிய கட்டும் உடல் பாகமும் மஞ்சள் பைக்கு. அது எரியுலைக்குப் போகும். குழாய், சிரிஞ்சு, கையுறை போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கு. அது ஆவியில் சுத்தமாகி, துண்டாக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகும். ஊசிக்குத் துளைக்க முடியாத வெள்ளை டப்பா, கண்ணாடிக்கு நீலம். நோயாளியைத் தொடாத கவரும் காகிதமும் சாதாரணக் குப்பை. மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் ஆபத்தில்லாத சாதாரணக் குப்பைதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது மஞ்சள் பையில் விழுந்துவிட்டால் லாரி ஏறிப் போய் எரிகிறது. பி.வி.சி. குழாய் அதோடு சேர்ந்து எரிந்தால் டையாக்ஸின் என்னும் நஞ்சு காற்றில் கலக்கும். உலை இருக்கும் ஊரின் பிள்ளைகள் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். எங்கள் காலத்துக் குழியின் புகை எங்கள் கண்ணிலேயே எரிந்தது. இப்போது அது எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி எழுவதால் வார்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நாற்பது படுக்கைக்கு அவளும் இன்னொருத்தியும்தான். பிரித்துப் போட இரண்டு நிமிடம் வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. சுவரில் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்துக்காக மாட்டிய பெரிய ஃப்ளெக்ஸில் பூமிப்பந்தைக் கைகள் தாங்கிக்கொண்டிருந்தன. அந்த ஃப்ளெக்ஸும் பி.வி.சி.தான். அதற்குச் செலவான பணத்தில் சாதாரணக் குப்பைக்கு ஒரு கூடை வாங்கி ட்ராலியிலேயே மாட்டியிருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

இரவு கொஞ்சம் ஓய்ந்தபோது இன்சார்ஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பி.பி. பாக்கறதுக்குக்கூட க்ளவுஸ் போடறாங்க. கொரோனாவுல வந்தது, போகவே மாட்டேங்குது."

"நீ சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேன். எனக்கு ஏதாச்சும் வந்தா நீங்களா பாப்பீங்கன்னு கேக்கறாங்க. அதுக்கு நான் என்னக்கா சொல்றது?"

அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. கொரோனாவில் சகோதரிகளை இழந்த கூட்டம் நாங்கள். ஆனால் பி.பி. பார்க்கவோ, காய்ச்சல் பார்க்கவோ, நாடி பிடிக்கவோ, தசையில் ஊசி போடவோகூட வழக்கமாகக் கையுறை தேவையில்லை, கையைச் சுத்தம் செய்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரே கையுறையோடு நாலு படுக்கைக்குப் போனால் கிருமியைச் சுமந்து செல்வது அந்தக் கையுறைதான். லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் 2018-ல் செவிலியர்களே முன்னின்று இதைப் பேசினார்கள். எங்கே கையுறை வேண்டும், எங்கே வேண்டாம் என்று வார்டு வார்டாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். ஓராண்டில் 21 டன் பிளாஸ்டிக் குறைந்தது. யாரையும் மிரட்டி நடந்த காரியமில்லை. கையின் மேல் நம்பிக்கை திரும்பி வந்ததால் நடந்தது.

இங்கேயும் அது நடக்கும். இன்சார்ஜ் புதிதாக வந்த பெண்களை ஒவ்வொருவராக அழைத்து, கையைத் தேய்த்துக் காட்டி, பயத்தைக் கேட்டு, பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பலர் பி.பி. பார்க்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டார்களாம்.

அவளுக்கு இப்போது பெரிய சண்டை ட்ரெஸ்ஸிங் கிட்டோடு. தையல் பிரிக்க வேண்டியது ஒரு கத்தரி, ஒரு இடுக்கி, இரண்டு காஸ். ஸ்டோரிலிருந்து வருவது பெரிய கிட் ஒன்றுதான். பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் இடுக்கிகள், பெரிய விரிப்பு, பஞ்சுருண்டைகள், கத்தைக் காஸ் என்று அதற்குள் எல்லாம் இருக்கிறது. பிரித்துவிட்டால் மிச்சத்தைத் திரும்ப வைக்க முடியாது; தொடாத விரிப்பும் குப்பைக்குத்தான். எவர்சில்வர் ட்ரேயும் இடுக்கியும் ஆட்டோகிளேவ் செய்து தர, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவான சி.எஸ்.எஸ்.டி.யில் இடமும் ஆளும் இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறாள். சிறிய கிட் வேண்டும், உலோகக் கருவி வேண்டும் என்று கொள்முதல் கமிட்டிக்கு எழுதினாள். அந்தக் கமிட்டியில் டாக்டர்கள் உண்டு, கணக்கு அதிகாரி உண்டு, ஸ்டோர் அதிகாரி உண்டு. நாள் முழுக்க அந்தப் பொருளைப் பிரிக்கிற சிஸ்டர் ஒருத்தியும் இல்லை. ஒரு வார்டில் என்ன வீணாகிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

இரண்டாம் முறை எழுதியபின் அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கிட்டை அப்படியே எடுத்துப் போய், அவர்கள் முன்னால் பிரித்து, தையலுக்கு வேண்டியதை ஒரு பக்கமும் மற்றதை மறுபக்கமும் மேஜையில் பரப்பிக் காட்டப் போகிறாளாம். "விலைப் பட்டியலும் கையில வெச்சிக்கோ, கணக்கு அதிகாரி முதல்ல அதைத்தான் கேப்பார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.