புள்ளிக்காக ஒரு கார்டா? வாசகர்கள் கேட்கிறார்கள்

கே: கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வீடு. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் விமானத்தில் சென்னை போய்வருகிறோம். பயணப் புள்ளி தரும் கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய். வைத்துக்கொள்ளலாமா?

ப: 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 3,540 ரூபாய். போன வருடம் புள்ளிகளால் டிக்கெட்டில் நிஜமாகக் குறைந்த பணம் எவ்வளவு என்று ஸ்டேட்மென்ட்டுகளைப் பார்த்துக் கூட்டுங்கள். 3,540-ஐத் தாண்டினால் இருக்கட்டும். தாண்டாவிட்டால் மூடுங்கள். இனி சேரப்போகும் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். போன வருடமும் அப்படி நம்பித்தான் கட்டணம் கட்டியிருப்பீர்கள்.

கே: டம்டம் விமான நிலைய லவுஞ்சில் சாப்பாடு இலவசமாயிற்றே?

ப: கார்டு இல்லாவிட்டால் அங்கே காசு கொடுத்துச் சாப்பிட்டிருப்பீர்களா? ஆம் என்றால் அந்தத் தொகையைக் கூட்டுங்கள். வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் குடும்பம் என்றால் பூஜ்யம். முந்தைய மூன்று மாதங்களில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் லவுஞ்ச் என்று பல கார்டுகளில் இப்போது நிபந்தனையும் உண்டு.

கே: வருடத்துக்கு இவ்வளவு செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி என்கிறார்களே?

ப: மளிகை, மின்கட்டணம், பள்ளிக் கட்டணத்திலேயே அந்தத் தொகை நிரம்பினால் சரி. அதை எட்டுவதற்காகப் பூஜைக்கு இன்னும் இரண்டு புடவை எடுக்காதீர்கள்.

கே: நாங்கள் ஹௌராவிலிருந்து சென்னை மெயிலில்தான் போகிறோம். விமானக் கார்டு பயன்படுமா?

ப: பயன்படாது. மூடிவிடுங்கள்.

கே: நாலைந்து வருடம் புள்ளி சேர்த்து, குடும்பத்தோடு சிங்கப்பூர் போக ஆசை.

ப: சிங்கப்பூர் போங்கள், ஆனால் புள்ளிகளை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு பறப்பதை நிறுத்தியது. அதன் மைல்கள் தனி நிறுவனத்திடம் இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தப்பின. ஏறுவதற்கு ஜெட் விமானம்தான் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. புள்ளிகள் அங்கே மாறின, விஸ்தாரா பெயரில் இருந்த கார்டுகளுக்கு மூடுவிழா வந்தது. புள்ளி என்பது வங்கி வைப்புத்தொகை அல்ல. புள்ளி தருகிறவரே அதன் மதிப்பைக் குறைக்கலாம். சேரச் சேரச் செலவழியுங்கள்.

கே: எட்டு வருடக் கார்டு. மூடினால் சிபில் மதிப்பெண் இறங்குமா?

ப: கொஞ்சம் இறங்கலாம். தலா லட்ச ரூபாய் வரம்புள்ள இரண்டு கார்டுகளில் மாதம் 40,000 செலவழித்தால் 20 சதவீதப் பயன்பாடு. ஒன்றை மூடினால் அதுவே 40 சதவீதம். சில மாதங்களில் வீட்டுக்கடன் வாங்கப்போகிறீர்கள் என்றால் கடன் கைக்கு வரும்வரை பொறுங்கள். அதே வங்கியில் கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தரவும் கேட்டுப் பாருங்கள். பயமே காரணமாக வருடாவருடம் 3,540 கட்டுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

கே: மூடச் சொன்னால் இழுத்தடிக்கிறார்களே?

ப: முதலில் புள்ளிகளைப் பயன்படுத்திவிடுங்கள். கார்டிலிருந்து தானாகப் போகும் மாதக் கட்டணங்களை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். பாக்கியைப் பைசா விடாமல் கட்டுங்கள். பிறகு மின்னஞ்சலிலோ செயலியிலோ எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூடவேண்டும். தவறினால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 500 ரூபாய் தரவேண்டும். எழுதிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.