கோட்டுப் போட்ட சந்தை

ஏன் அப்புனு, மூஞ்சி இப்படித் தொங்குது? நெட்வொர்க்கிங் கூட்டத்துக்குப் போய்ட்டு வந்தயா? ஜோப்பு நெறையக் கார்டு இருக்குதே, அப்புறம் என்ன வெசனம்? நாப்பது கார்டு குடுத்தே, நாப்பது வாங்குனே. கணக்கு நேராப் போச்சு. சீட்டாட்டத்துலகூட யாராச்சும் ஒருத்தன் ஜெயிப்பான் கண்ணு.

நானும் ஒருக்காப் பாத்தவன்தான். கோயமுத்தூருக்குக் கண்ணு காட்டப் போனப்ப, என்ற பேரன் "ஒரு மணி நேரந்தான் தாத்தா"ன்னு அவினாசி ரோட்டுல ஒரு ஹோட்டலுக்குள்ள இழுத்துட்டுப் போய்ட்டான். உள்ள போனா ஆளாளுக்குக் கழுத்துல ஒரு அட்டை. எனக்கும் ஒண்ணு மாட்டிவிட்டாங்க. கோட்டுக்காக ஏசியா, ஏசிக்காகக் கோட்டான்னே வெளங்கல. ஒருத்தன் சிரிச்சுட்டே வந்து கையைப் புடிச்சான். கண்ணு என்ற மூஞ்சியைப் பாக்கல, நெஞ்சுல தொங்கற அட்டையைப் படிக்குது. அதுல 'விருந்தினர்'னு போட்டிருந்துச்சு. வெடுக்குனு கையை விட்டான், போய்ட்டான். பொண்ணு புடிக்காதவன்கூட பஜ்ஜி தின்னுட்டுத்தான் எந்திரிப்பான்!

அப்புறம் ஆளுக்கு ஒரு நிமிசம். நான் இன்னாரு, இன்ன தொழில். நேரம் முடிஞ்சா மணி அடிக்கறாங்க. இதுக்குப் பேரு எலிவேட்டர் பிட்சாம். பெரிய மொதலாளிகூட லிப்ட்டுல ஏறுனா, மேல போய்ச் சேர்றதுக்குள்ள உன்ற பெருமையெல்லாம் சொல்லி முடிச்சிரோணுமாம். அந்த மனுசன் எந்த நெனப்புல நிக்கறானோ, எங்க அவசரமாப் போறானோ. அதை எவனாச்சும் கேட்டானா?

பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்குப் போயிருக்கறயா? செவ்வாயும் வியாழனும் கூடும். அங்க வெவரமான தரகன் எடுத்ததும் வெலை கேக்க மாட்டான். எந்த ஊருங்க, மழை உண்டா, தீவனம் எப்படின்னு நாயம் பேசுவான். அப்புறந்தான் துண்டுக்கடியில ரெண்டு கையும் சேரும். வெலையை வெரல்தான் பேசும். வாய் பேசாது. நீ போனதுமே துண்டை விரிச்சா, அதுக்கு ஊருல வேற பேரு.

இன்னொண்ணு கேளு. ஒரே காருல நாலு பேரு போறீங்க. அங்க போயி அதே நாலு பேரு ஒரே மேசையில உக்காந்து சமோசா திங்கறீங்க. இதை ஆபீசுலயே தின்னா பெட்ரோலாச்சும் மிச்சம். அமெரிக்காவுல மார்க் கிரனோவெட்டர்னு ஒரு வாத்தியாரு வேலைச்சேதி யாரு மூலமா வருதுன்னு 1973ல எழுதிருக்கறாராம். பேரன்தான் படிச்சுச் சொன்னான். தெரிஞ்சவங்க மூலமா வேலை புடிச்சவங்களை, பாஸ்டன் பக்கம் ஒரு ஊருல தேடிப்போயி, "உனக்குச் சேதி சொன்னவனை எத்தனை நாளைக்கு ஒருக்காப் பாப்பே"ன்னு கேட்டாராம். அடிக்கடி பாக்கற ஆளுன்னு சொன்னது நூத்துக்கு 17 பேருதான். 28 பேரு, வருசத்துக்கு ஒருக்காப் பாத்தாலே பெருசுன்னாங்களாம். மிச்சமெல்லாம் எப்பவாச்சும் பாக்கற பழக்கம்.

இதுக்கு அத்தனை தூரம் போகோணுமா? நம்மூருல வரன் சேதி யாரு கொண்டாருவா, கூடப் பொறந்தவனா? எங்கியோ எழவு வீட்டுல பாத்த ஒண்ணுவிட்ட ஒறம்பரைதான? உன்ற கூட்டாளிக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரியும். அடுத்த ஊர்க்காரனுக்குத்தான் வேற கெணறு தெரியும்.

பழக்கம் புடிச்சா மட்டும் பத்தாது, நெனப்புலயும் வெக்கோணும். பேராவூரணிப் பக்கம் ஆடி மாசத்துல மொய் விருந்து வெப்பாங்க. கறிச்சோறு போட்டு, பேரு, ஊரு, தொகைன்னு நோட்டுல எழுதிக்குவாங்க. செஞ்சவன் நாளைக்கு விருந்து வெச்சா, நோட்டைப் பொரட்டிட்டுப் போயித் திருப்பிச் செய்யோணும். உன்ற நாப்பது கார்டுக்குப் பின்னால என்ன எழுதிருக்குது, காட்டு பாக்கலாம். ஒண்ணுமில்ல! அன்னைக்கு ராத்திரியே ஒரு வரி எழுதிருந்தா என்ன? 'மோட்டாருக்குக் காயில் கட்ட ஆளு தேடறான்', 'புள்ளைக்குக் காலேஜு சீட்டு விசாரிக்கறான்'. அந்த வாரமே ஒரு போனு போட்டு, "ஆளு கெடைச்சுதுங்களா?"ன்னு கேட்டா வாய் வலிக்குமா? உனக்கு ஏதாச்சும் வேணுங்கற அன்னைக்குத்தான் நம்பரைத் தேடறே. மழை வந்தப்புறம் கூரை வேயற கதை.

அந்த ஹோட்டல்ல நான் காப்பி டிரம்முக்குப் பக்கத்துல ஓரமா உக்காந்துட்டேன். என்னையாட்டமே இன்னொருத்தரு, கூட்டத்துக்குப் பயந்து அங்க ஒதுங்கியிருந்தாரு. நெகமம் பக்கம். கார்டு கெடையாது. செவலை மாடு செனையா இருக்குது, ராவுல சரியாத் தீனி எடுக்க மாட்டீங்குதுன்னு வெசனப்பட்டாரு. எனக்குத் தெரிஞ்ச பக்குவத்தைச் சொன்னேன். அந்தாளு யாருன்னு பேரனுக்குத் தெரிஞ்சப்ப அவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கோணுமே! ஆறு மாசமா அவரு ஆபீசு வாசல்ல நிக்கறானாம். எனக்கு அதெல்லாம் எதுக்கு?

அந்த மாடு இந்த மாசம் கன்னு போடோணும். வெள்ளிக்கெழமை பாத்துட்டு வரலாம்னு இருக்கறேன். நீயும் வேணும்னா வா. அந்தக் கோட்டை மட்டும் கழட்டி வெச்சுட்டு வா சாமி, மாடு மெரளும்.