மலையகப் பழைய பிக்கப் வண்டிகளில் ‘கரண்ட் வரல’ எனும் நிலை: ஒரு முன்னோட்ட நுண்ணாய்வு

எதையும் மூன்றாகப் பிரித்தால்தான் அது ஆய்வு. தொல்காப்பியர் எழுத்து, சொல், பொருள் என்று பிரித்தார். பெற்றோல் எஞ்சினோ எண்ணெய், காற்று, தீப்பொறி என்று தானே பிரிந்து நிற்பதால் இத்துறையில் ஆய்வாளருக்குப் பாதி வேலை மிச்சம். மூன்றாவது இல்லாதபோது வண்டி என்ன செய்யும் என்பது நமது கருதுகோள். ஒன்றும் செய்யாது என்பது முடிவு. இரண்டுக்கும் நடுவில் உள்ளதைக் கட்டுரை என்பர்.

ஆய்வெல்லை: ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை வழியாக நுவரெலியா ஏறும் ஏ7 வீதி. தரவு: ஒரு பிக்கப். தரவு போதாது என்போர் அதைத் தள்ளிப் பார்க்கவும். கம்பெனிப் பெயர் ஆய்வறம் கருதி மறைக்கப்படுகிறது. சொன்னால் விற்க முடியாது.

முன்னோடிகளில் குறிப்பிடத்தக்கவர் சார்ல்ஸ் கெட்டரிங் எனும் அமெரிக்கர். 1910-ஐ ஒட்டி காடிலாக் கார்களுக்காக அவர் அமைத்த முறைதான் நம் வண்டியிலும் இருக்கிறது: பொயின்ட் திறக்கும் கணத்தில் கொயில் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் அதை 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கிடும். ஆனால் தென்மேற்குப் பருவமழையை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. இது அவருடைய ஆய்வின் பெருங்குறை.

இனி வகைப்பாடு. பட்டரி செத்த வகை: ஹோர்ன் அடித்தால் தெரியும். பியூஸ் போன வகை: சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைப் பற்றி இங்கே பேசுவது உசிதமன்று. பொயின்ட் கரிந்த வகை: நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கத்தால் சுரண்டி, பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகி இடைவெளி பார்ப்பர். அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். அதற்கு எத்தனை மடிப்பு என்பதில் மேல்பிரிவு மரபும் கீழ்ப்பிரிவு மரபும் வேறுபடும் (மெக்கானிக் பாஸ், நேருரை, மறுப்பு: அவர் மச்சான்).

இவ்வகைகளைவிட ஆழமானது, இந்நோய் கண்ட எல்லா வண்டியருகிலும் ஒலிக்கும் ஒரு வாக்கியம்: “நேத்து நல்லாத்தானே ஓடுச்சு.” இதன் ஏகாரத்தை இதுவரை எவரும் முறையாக ஆராயவில்லை. இடையியலில் தொல்காப்பியர் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் சொல்கிறார். டிரைவர் சொல்லும்போது அது தேற்றம். வண்டியைக் கெடுத்தது தானில்லை என்ற சத்தியம். பாஸ் திருப்பிச் சொல்லும்போது வினா. புருவம் உயர்வது காண்க. நேற்று மட்டும் ஓடியது, முந்தாநாளும் நின்றதுதான் என்று க்ளீனர் பையன் முணுமுணுப்பது பிரிநிலை. “கொயிலே, கண்டென்சரே, பிளக்கே” என்று பில் எழுதும்போது எண். எல்லாரும் போனபின் மழையில் நின்றபடி நான் சொன்னது ஈற்றசை. அதற்குப் பொருளே இல்லை. (மேலது. இதற்கு எதிராகப் பாஸ் சொன்னது: கீழது, ஏனெனில் அவர் அப்போது வண்டிக்கு அடியில் இருந்தார். அவர் சொல்லின் பாடபேதங்கள் அச்சேற்றத் தக்கவையல்ல. மூலம், கராஜ் சுவரில் சோக்கட்டியால் எழுதப்பட்டு, ‘கடன் இல்லை’ என்ற பிற்கால இடைச்செருகலால் பாதி மறைந்துள்ளது.)

களப்பணி விடியற்காலை கொட்டகலைக்கு மேலே ஒரு முடுக்கில் நிகழ்ந்தது. பெரட்டுக்குப் போகிறவர்கள் படங்கைத் தோளில் போட்டபடி நின்று பார்த்தார்கள். பாஸ் ஒரு பிளக் வயரைக் கழற்றி, எஞ்சின் இரும்பிலிருந்து ஒரு நெல்மணி தூரத்தில் பிடித்து, “அடிங்க சேர்” என்றார். நான் ஸ்டார்ட் அடித்தேன். நீலப்பொறி பாயவில்லை. கொயில் வயரை நேரே பிடித்தபோது டக் டக்கென்று பாய்ந்தது. ஆகவே கரண்ட் கொயில்வரை வருகிறது, பங்கீட்டில் காணாமற் போகிறது. மலையகத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரு கிளிப்பையும் நெம்பித் திருப்பினார். உள்ளே பனித்துளி முத்து முத்தாக. இரண்டு பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. ஈரத்தில் கரண்ட் ஊர்ந்து ஊர்ந்து கரியாக்கிய தடம். ஒருமுறை விழுந்துவிட்டால் பிளக்வரை போகாமல் அந்தக் குறுக்குவழியிலேயே இறங்கிவிடும். பிளேட்டால் கோட்டைச் சுரண்டினார். சாரத்து நுனியால் துடைத்தார். வண்டி கிளம்பியது. மொத்தம் பத்து நிமிடம், இதில் ஏழு என் கேள்விகளுக்கு.

இங்கே ஆய்வுநெறி பற்றி ஒரு சொல். நம் ஆய்வாளர்கள் பொனட்டைத் திறப்பதில்லை. திறந்தவரைப் பேட்டி காண்பார்கள். இரண்டு நாள் வந்து, லயத்து வாசலில் பிளேன்டீ குடித்து, இருநூறு பக்கம் எழுதுவார்கள். பேட்டி கொடுத்தவர் ‘தகவலாளி’. அவர் பெயர் நன்றியுரையில் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் அடக்கம். இக்கட்டுரையும் அம்மரபைப் பேணி, பாஸின் பெயரை எங்கும் சொல்லவில்லை.

தலவாக்கலைக்கு முன்பே வண்டி மறுபடி நின்றது. சுரண்டிய மூடி ஒரு மழைக்குத்தான் தாங்கும், புது மூடி போடுங்கள் என்று பாஸ் அப்போதே சொன்னார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், மூடி வாங்கவில்லை.

இந்த ஆய்வைக் கருத்தரங்கில் வாசிக்க அழைக்க விரும்புவோர் வாகனமும் அனுப்பி வைக்கவும். டீசல் வண்டியாக இருக்கட்டும். அதில் பிளக்கும் இல்லை, பொயின்டும் இல்லை.